சேமநிதிப் பணம் கடைசிவரை வருமா? நாமே போட்டுப் பார்க்கும் கணக்கு

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் செம்பனை வெட்டியவர்கள், பால் மரம் சீவியவர்கள், ஆயர் குரோ, பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் பணி ஓய்வுக்கு என்று இருக்கும் பெரிய தொகை பெரும்பாலும் ஒன்றுதான். அது ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்) உள்ள பணம். அரசாங்க ஊழியருக்கு உள்ளதுபோல் மாத ஓய்வூதியம் நம்மில் பலருக்குக் கிடையாது. 45, 50 வயதைத் தொட்டவர்கள் ஆண்டு அறிக்கையைப் பார்த்து, "இந்தப் பணம் வளர்ந்து போதுமான அளவுக்கு வந்துவிடுமா?" என்று கேட்பது இயல்பு. அதை ஊகமாக விட்டுவிடாமல் கணக்காகவே பார்க்கலாம்.

சேமிப்பு எவ்வளவு வேகமாக வளர்கிறது?

ஊழியர் சேமநிதி 1951-இல் தொடங்கப்பட்டது. வழக்கமான சேமிப்புக்குச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு இலாப ஈவு உண்டு. உண்மையில் கிடைப்பது இதைவிடக் கூடுதல். 2020-இல் 5.20, 2021-இல் 6.10, 2022-இல் 5.35, 2023-இல் 5.50, 2024-இல் 6.30 விழுக்காடு வழங்கப்பட்டது. இந்த ஐந்தாண்டுச் சராசரி 5.7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. எதிர்காலத்தைக் கணக்கிடும்போது சற்றுக் குறைத்து 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

5 விழுக்காட்டில் இன்றுள்ள 1 வெள்ளி, 5 ஆண்டில் 1.28 வெள்ளியாகும். 10 ஆண்டில் 1.63, 15 ஆண்டில் 2.08, 20 ஆண்டில் 2.65 வெள்ளியாகும்.

இதோடு ஆண்டுதோறும் சந்தா சேர்கிறது. 5,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளத்திற்கு ஊழியர் 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும், மொத்தம் 24 விழுக்காடு செலுத்துகிறார்கள். ஓர் ஆண்டுச் சந்தாவை 5 ஆண்டுக்கு 5.5-ஆல், 10 ஆண்டுக்கு 12.6-ஆல், 15 ஆண்டுக்கு 21.6-ஆல், 20 ஆண்டுக்கு 33-ஆல் பெருக்கினால் அது வளர்ந்து நிற்கும் தொகை கிடைக்கும்.

விலைவாசியையும் கழிக்க வேண்டும். ஆண்டுக்கு 2.5 விழுக்காடு ஏறும் என்று வைத்தால், கிடைத்த மொத்தத்தை 10 ஆண்டுக்கு 1.28-ஆல், 15 ஆண்டுக்கு 1.45-ஆல், 20 ஆண்டுக்கு 1.64-ஆல் வகுக்க வேண்டும். அப்போதுதான் அந்தத் தொகைக்கு இன்றைய விலையில் என்ன மதிப்பு என்பது தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒருவருக்கு வயது 45. சேமநிதியில் 60,000 வெள்ளி இருக்கிறது. சம்பளம் 2,000 வெள்ளி. மாதச் சந்தா 480, ஆண்டுக்கு 5,760 வெள்ளி. 60 வயதுவரை வேலை செய்கிறார். இடையில் பணம் எடுக்கவில்லை.

இருக்கும் 60,000 வெள்ளி ஏறக்குறைய 1,24,700 ஆகும். புதிய சந்தா வளர்ந்து 1,24,300 ஆகும். மொத்தம் சுமார் 2,49,000 வெள்ளி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இன்றைய விலையில் அதன் மதிப்பு 1,72,000 வெள்ளிதான்.

இதை மாத வருமானமாக மாற்ற வேண்டும். மீதிப் பணம் சேமநிதியிலேயே வளர்ந்துகொண்டிருக்க, 60-லிருந்து 80 வயதுவரை எடுத்துச் செலவழிப்பது என்றால் 190-ஆல் வகுக்கலாம். மாதம் சுமார் 900 வெள்ளி வரும். 85 வயதுவரை என்றால் 223-ஆல் வகுக்க வேண்டும். மாதம் 770 வெள்ளிதான். இருக்கும் பணம் இரண்டு மடங்கானாலும் மாதச் செலவுக்குக் கிடைப்பது இவ்வளவே.

வயது 52, கையில் 30,000 வெள்ளி, அதே சம்பளம் என்றால்? 60 வயதில் சுமார் 99,000 வெள்ளி வரும். இன்றைய மதிப்பில் 81,500. மாதத்திற்கு 430 வெள்ளி. இங்கே இருந்த பணத்தின் வளர்ச்சியைவிட எட்டாண்டுச் சந்தாவின் பங்குதான் கூடுதல். ஆக, வயது ஏற ஏற இருக்கும் பணம் தானாக வளர்ந்து கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. வேலையில் நீடிப்பதுதான் கைகொடுக்கும்.

சேமநிதி வாரியத்தின் அளவுகோல்

முன்பு 55 வயதில் 2,40,000 வெள்ளி அடிப்படைச் சேமிப்பாகக் கருதப்பட்டது. 20 ஆண்டுக்கு மாதம் 1,000 வெள்ளி என்பது அதன் கணக்கு. 2026 ஜனவரி முதல் படிப்படியாக நடைமுறைக்கு வரும் புதிய அளவுகோல் 60 வயதை அடிப்படையாகக் கொண்டது: அடிப்படைச் சேமிப்பு 3,90,000, போதுமான சேமிப்பு 6,50,000, கூடுதல் வசதிக்கான சேமிப்பு 13 லட்சம் வெள்ளி. தோட்டப்புறத்தில் பலர் இதில் முதல் படியையே எட்டவில்லை என்றால், அதற்கு அவர்கள் சிக்கனமில்லாதவர்கள் என்பது காரணமல்ல. 2013-இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. அதில் 24 விழுக்காடு 216 வெள்ளி. 2025-இல் அது 1,700 வெள்ளி ஆனது; சந்தா 408 வெள்ளி. சம்பளம் குறைவாக இருந்த காலமெல்லாம் சேமிப்பும் குறைவாகவே விழுந்தது.

வீடு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி

தோட்ட வீட்டில் இருப்பவர் வேலை முடிந்ததும் வீட்டைக் காலி செய்ய வேண்டிவரும். மாதம் 900 வெள்ளி கிடைப்பவர் அதில் 500 வெள்ளி வாடகை கொடுத்தால், சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் 400 வெள்ளிதான் மிஞ்சும். சொந்த வீட்டில் கடனில்லாமல் இருப்பவருக்கு அதே 900 வெள்ளி ஓரளவு தாங்கும். ஆகவே ஓய்வுக் கணக்கைத் தொடங்குமுன் "60 வயதில் எங்கே குடியிருப்பேன்?" என்பதற்கு விடை வேண்டும். வீடு வாங்கச் சேமநிதியிலிருந்து எடுப்பது தவறல்ல. ஆனால் விலையைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்: 45 வயதில் எடுக்கும் 15,000 வெள்ளி, 60 வயதில் 31,000 வெள்ளியாக நின்றிருக்கும்.

பணம் கசியும் இடங்கள்

2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்டவர்களின் சந்தா மூன்றாகப் பிரிகிறது: ஓய்வுக்கால கணக்கு 75, செஜாத்ரா கணக்கு 15, ஃபிளெக்சிபல் கணக்கு 10 விழுக்காடு. கடைசிக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மேற்சொன்ன 45 வயதுக்காரர் அதில் விழும் மாதம் 48 வெள்ளியை எடுத்துக்கொண்டே இருந்தால், 60 வயதில் சுமார் 12,400 வெள்ளி குறையும்.

கொரோனா காலத்தில் நான்கு சிறப்புத் திட்டங்களின் வழி நாடு முழுவதும் 14,500 கோடி வெள்ளி எடுக்கப்பட்டது. அப்போது பலருக்கு வேறு வழியில்லை. 2021-இல் 40 வயதில் 10,000 வெள்ளி எடுத்தவருக்கு, அது 60 வயதில் ஏறக்குறைய 26,500 வெள்ளியாக இருந்திருக்கும். இப்போது வருமானம் சீரானவர்கள் சிறிது சிறிதாகவேனும் திரும்பச் செலுத்தலாம். விருப்பச் சந்தாவாக ஆண்டுக்கு 1,00,000 வெள்ளிவரை போட முடியும்.

மூன்றாவது இடம் 55 வயது. அப்போது முழுப் பணத்தையும் எடுக்க அனுமதி உண்டு. எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எடுக்காமல் விட்ட பணத்திற்கு 100 வயதுவரை இலாப ஈவு உண்டு. நம் எடுத்துக்காட்டில் 55 வயதில் இருப்பது 1,70,000 வெள்ளி, 60-இல் 2,49,000. இந்த ஐந்தாண்டில் கூடிய 79,000 வெள்ளியில் சந்தா 28,800 மட்டுமே. மீதி 50,000 வெள்ளி இலாப ஈவு. பிள்ளையின் திருமணத்திற்கோ காருக்கோ தேவைப்பட்டால் அந்த அளவு மட்டும் எடுத்து, மற்றதை மாதத் தவணையாகப் பெறலாம்.

மொத்தப் பணம் கைக்கு வந்த செய்தி பரவினால், "மாதம் 10 விழுக்காடு லாபம்" என்று ஆட்கள் வீடு தேடி வருவார்கள். ஆண்டுக்கு 6 விழுக்காடு என்பதே சேமநிதிக்கு நல்ல ஆண்டு என்பதை நினைவில் வைத்தால் போதும். நிறுவனத்தின் பெயர் பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கவும். வங்கி வைப்புத்தொகைக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 2,50,000 வெள்ளிவரை பிடிம் காப்பு உண்டு. கூட்டுறவுச் சங்கச் சேமிப்புக்கு அந்தக் காப்பு இல்லை.

கணக்குப் போதவில்லை என்றால்

சொந்தத் தொழில் செய்பவர்கள், புல் வெட்டுபவர்கள், கடை வைத்திருப்பவர்கள் 60 வயதுக்குள் ஐ-சாரான் திட்டத்தில் சேரலாம். 2025 நிலவரப்படி செலுத்தும் தொகையில் 20 விழுக்காட்டை அரசாங்கம் சேர்க்கிறது. ஆண்டுக்கு அதிகபட்சம் 500, வாழ்நாளில் 5,000 வெள்ளி. ஆண்டுக்கு 2,500 வெள்ளி போட்டால் 3,000 ஆகும். பத்தாண்டில் 5 விழுக்காட்டில் அது சுமார் 37,700 வெள்ளி.

60-க்குப் பிறகும் வேலை செய்பவருக்கு முதலாளி 4 விழுக்காடு செலுத்த வேண்டும். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடந்தால், சேமிப்பைத் தொடாமல் ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போடலாம். 60 வயதுக்கு மேல் வருமானமும் ஆதரவும் இல்லாதவர்கள் சமூக நலத் துறையின் முதியோர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம்; 2025-இல் அது மாதம் 600 வெள்ளி.

கணக்கிட வேண்டியது நான்கே எண்கள்: இன்றைய சேமிப்பு, ஆண்டுச் சந்தா, 60 வயதுக்கு மிஞ்சியிருக்கும் ஆண்டுகள், மாதச் செலவு. அறிக்கையை எடுத்துக்கொண்டு மலாக்காவில் உள்ள சேமநிதி அலுவலகத்திற்குப் போனால், ஓய்வுக்கால ஆலோசனைச் சேவை இலவசமாகவே கிடைக்கும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போவது நல்லது. அப்படியே வாரிசு நியமனம் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.