ஈஸ்ட்டுக்கு வேண்டிய மூன்றாவது துணை

கோபன்ஹேகனை அடுத்த வால்பியில் ஜே. சி. யாகப்சன் 1847இல் தொடங்கிய கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையும், அதனுடன் இணைந்து 1875இல் உருவான ஆய்வகமும், ஒரு தொழிலின் கவலையிலிருந்து ஓர் அறிவியல் துறை வேர்விட்ட வரலாற்றைக் கொண்டவை. அந்த ஆய்வகத்தில் பீரின் சுவை கெட்டதற்குக் காரணம் தேடிய எமில் கிறிஸ்டியன் ஹான்சென், ஆலையின் ஈஸ்ட்டில் வேண்டாத காட்டு ஈஸ்ட் கலந்திருப்பதைக் கண்டு, தனியொரு உயிரணுவைப் பிரித்து அதன் வழிவந்தவற்றை மட்டுமே பெருக்கும் 'தூய வளர்ப்பு' முறையை 1883இல் ஆலைக்குள் கொண்டுவந்தார். யாகப்சன் அம்முறையை மறைத்துவைக்காமல் பிற ஆலைகளுக்கும் வழங்கினார். அதே ஆய்வகத்தில் ஒய்விண்ட் விங்கே 1930களில் ஈஸ்ட்டின் பாலினப்பெருக்கச் சுழற்சியை விளக்கியதால், அந்த நுண்ணுயிர் மரபியலுக்கும் உரியதாயிற்று.

இன்றைய ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கப்படும் ஈஸ்ட் வகையோ பீர் ஆலையில் பிறந்ததன்று. கலிபோர்னியாவின் மெர்செட் நகரருகே 1938இல் அழுகிய அத்திப்பழமொன்றிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்ட்டே அதன் முதன்மையான மூதாதை. அதன் வழிவந்தவற்றைக் கார்ல் லிண்டெக்ரனும் பின்னர் ராபர்ட் மார்ட்டிமரும் கலந்து தேர்ந்து உருவாக்கிய வகையின் மரபணுத்தொகுதி, ஏறத்தாழ 6,000 மரபணுக்களுடன், 1996இல் முழுமையாகப் படித்தறியப்பட்டது.

ஈஸ்ட்டில் ஆராயப்பட்டவற்றுள் புரத ஆக்கமும் ஒன்று. வளரும் ஈஸ்ட் உயிரணு ஒன்றில் சுமார் 2 லட்சம் ரைபோசோம்கள் உள்ளன. தூது ஆர்.என்.ஏ. என்னும் செய்தி இழையை மும்மூன்று எழுத்துகளாகப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்குவது இந்த ரைபோசோம்களின் பணி. அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் கடத்து ஆர்.என்.ஏ.வை ரைபோசோமில் சேர்க்க ஒரு துணைப் புரதமும், ஒவ்வொரு கோர்வைக்குப் பின்னும் இழையை அடுத்த மூன்றெழுத்துக்கு நகர்த்த மற்றொன்றும் தேவை. சங்கிலியை நீட்டும் இவை நீட்சிக் காரணிகள் எனப்படும். பாக்டீரியாவிலும் விலங்குகளிலும் இவ்விரண்டே போதுமானவை என்று அறியப்பட்டிருந்த நிலையில், ஆய்வாளர்கள் ஸ்கோகர்சனும் வாக்காட்டாமாவும் 1976இல் ஈஸ்ட்டில் மூன்றாவது காரணியொன்றை அறிவித்தனர். அடுத்த ஆண்டு வெளியான ஒப்பீட்டில், எலியின் கல்லீரல் ரைபோசோம்கள் இரண்டு காரணிகளைக் கொண்டே சங்கிலியை நீட்டின. ஈஸ்ட்டின் ரைபோசோம்களுக்கோ மூன்றாவதும் வேண்டியிருந்தது. ஏ.டி.பி. மூலக்கூறின் ஆற்றலைச் செலவிட்டு, இழையின் நகர்வு நிறைவுறவும் சுமையிறக்கிய கடத்து ஆர்.என்.ஏ. ரைபோசோமை விட்டு வெளியேறவும் அது உதவுகிறது என்பது பல பத்தாண்டு ஆய்வுக்குப் பின் தெளிவாயிற்று.

துணைகள் இத்துடன் முடியவில்லை. எலிசபெத் கிரெய்கின் குழு 1992இல், எஸ்.எஸ்.பி. என்னும் புரதம் இயங்கும் ரைபோசோம்களுடன் சேர்ந்திருப்பதைக் காட்டியது. வெளிவரும் இளஞ்சங்கிலி தாறுமாறாக ஒட்டிக்கொள்ளாமல் உரிய வடிவில் மடிய அது துணைநிற்கிறது. புரத ஆக்கத்தைத் தொடங்கிவைக்கும் காரணி என்று பெயரிடப்பட்ட இன்னொரு புரதம், உண்மையில் சங்கிலி நீள்வதற்கே உதவுகிறது என்பதை 2009இல் ஈஸ்ட் ஆய்வுகள் காட்டின. புரோலின் என்னும் அமினோ அமிலம் அடுத்தடுத்து வரும் இடங்களில் ரைபோசோம் தடைப்படாதபடி காப்பது அதுவே என்பது 2013இல் உறுதியாயிற்று.

இத்தகைய புரதமொன்றின் பணியை அறிய, ஒரு மரபணுவை நீக்கிய ஈஸ்ட்டையும் நீக்காத ஈஸ்ட்டையும் ஒப்பிடும்போது, மற்றவையெல்லாம் ஒன்றாயிருந்தால்தான் அவற்றின் வேறுபாட்டுக்குப் பொருளுண்டு. எனவே பீரின் சுவையைக் காக்க ஹான்சென் கடைப்பிடித்த தூய்மையே இத்தகைய ஆய்வுகளுக்கும் முதல் நிபந்தனை ஆயிற்று. ஈஸ்ட் உள்ளிட்ட பூஞ்சைகள் வாழ இன்றியமையாததும் மனித உயிரணுக்களில் இல்லாததுமான அந்த மூன்றாவது காரணி, மனிதருக்குத் தீங்கின்றிப் பூஞ்சை நோய்களைத் தாக்கும் மருந்துக்கு ஏற்ற இலக்காகக் கருதப்படுவதால், ஆலையொன்றின் தரக்கவலையில் தொடங்கிய இந்த அறிவு மருத்துவத்துக்கும் பயன்படக்கூடியதாக வளர்ந்துள்ளது.