கொம்பும் முடியும்

கொடுமுடிக்கு முதன்முறை வருகிறவர்கள் மலை எங்கே என்று கேட்பார்கள். பெயர் அப்படி. கொடுமுடி என்றால் மலையுச்சி. ஊரோ தெற்கே வந்த காவிரி கிழக்கே திரும்பும் சமவெளி. மொராக்கோவின் ரிஃப் மலையிலுள்ள ஷெஃப்ஷாவனைப் பற்றிப் படித்தபோது எனக்கு இந்த ஊர்தான் நினைவுக்கு வந்தது. ஷாவன் என்ற பெயர், கொம்புகளைக் குறிக்கும் பெர்பர் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். ஊருக்கு மேலே இரண்டு சிகரங்கள் மாட்டுக்கொம்பு போல நிற்கின்றன. தமிழிலும் கோடு என்றால் கொம்பு, சிகரமும் கோடுதான். திருச்செங்கோட்டில் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஷாவனில் மலை கண்ணெதிரே. கொடுமுடியில் அது கதைக்குள். ஆதிசேஷனும் வாயுவும் பலம் பார்த்தபோது மேருவிலிருந்து ஐந்து மணிகள் சிதறின. வைரம் விழுந்த இடம் இது, அதுவே மகுடேசுவரர் என்கிறது தலபுராணம். தேவார மூவரும் பாண்டிக்கொடுமுடி என்று பாடினார்கள். ஷாவனோ ஆண்டுக் கணக்குள்ள ஊர்: போர்ச்சுகீசியரை எதிர்க்க 1471இல் மௌலாய் அலி இப்னு ரஷீத் கட்டியது. ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களும் யூதர்களும் வந்து, விட்டுவந்த வீடுகளின் சாயலிலேயே ஓடு வேய்ந்து குடியேறினார்கள். இன்று தெருவில் கேட்பது பெரும்பாலும் அரபி. பெர்பர் பேச்சு ஊர்ப்பெயரில் தங்கிவிட்டது.

அங்கே போகிறவர்கள் நீலச் சுவர்முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இங்கே வருகிறவர்கள் பரிகாரம் முடித்து மதியத்துக்குள் கார் ஏறிவிடுகிறார்கள். பெயரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. இரண்டு ஊரிலும் மிகப் பழைய சொத்து அந்தப் பெயர்தான்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது தண்ணீர். ஷாவனில் ராஸ் எல் மா என்ற ஊற்று மலையிலிருந்து ஊருக்குள் இறங்குகிறது. நீரின் தலை என்று பொருள். பெண்கள் அதன் கரையில் துணி துவைக்கிறார்கள். கொடுமுடிப் படித்துறையிலும் துணி துவைக்கும் சத்தம் உண்டு, ஆனால் இங்கே தண்ணீர் மலையேறுகிறது. பங்குனி உத்திரம் நெருங்கினால் கொங்குநாட்டு ஊர்கள் பலவும் இந்தத் துறைக்கு வந்து தீர்த்தம் முத்திரித்து, பழனிக்கு நடக்கும். ஒருமுறை பெரியவர் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று சொம்பை முக்கி எடுத்தார். வாயைத் துணியால் மூடி, நூலை மூன்று சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். காவடியில் கட்டும்வரை யாரிடமும் கொடுக்கவில்லை.

“எவ்வளவு தூரம் நடக்கோணுங்க?” என்றேன்.

“தூரத்த ஆரு பாத்தா? சிந்தாமக் கொண்டுபோய்ச் சேக்கோணுஞ் சாமி” என்றார்.

குடகு மலையில் பிறந்து இறங்கி வந்த நீர் அது. பெரியவர் தோளில் மறுபடி மலைக்குப் புறப்பட்டது.