சட்டம் அறியாத நான்காம் பொருள்

மாணவ நண்பர்களே, மதுவின் பெருமையைப் பேச நான் வரவில்லை. ஒரு பானத்தில் எவ்வெப் பொருள்கள் சேரலாம் என்று ஓர் அரசு வகுத்த சட்டத்தின் கதையைச் சொல்லவே விரும்புகிறேன். வரலாறு என்பது போர்களின் பட்டியலே என்று எண்ணிய மாணவர்களுக்கு இக்கதையை நான் வகுப்பிலே எடுத்துக் கூறுவதுண்டு.

தென் ஜெர்மனியில் உள்ளது பவேரியா. 1516-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், அதனை ஆண்ட நான்காம் வில்ஹெல்ம், பத்தாம் லுட்விக் என்னும் உடன்பிறந்த கோமகன்கள் இங்கோல்ஸ்டாட் நகரிலே ஓர் ஆணை பிறப்பித்தனர். வாற்கோதுமை, ஹாப், நீர் ஆகிய மூன்றையன்றி வேறெதனையும் பீரில் சேர்த்தல் கூடாது என்பது அதன் சாரம். அது விலைக்கும் வரம்பு கட்டிற்று. ஹாப் என்பது ஒரு கொடி. அதன் பூங்காய் பானத்திற்குக் கசப்பை ஊட்டும். விரைவில் கெடாமலும் காக்கும். பவேரியாவின் ஹாலர்டாவ் வட்டாரத்தில் இன்றும் அது பெருமளவில் விளைகிறது.

தானியங்களுள் வாற்கோதுமைக்கு மட்டும் இடம் அளித்தது ஏன்? கோதுமையும் ரை என்னும் தானியமும் ரொட்டிக்கு உரியவை. அவை பீர்க் கொப்பரைக்குச் சென்றால் ஏழையின் ரொட்டி விலை ஏறும். அதனைத் தடுப்பதும் ஆணையின் நோக்கம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர்.

முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து இனிப்புச் சாறு கிடைக்கும். அச்சாற்றைப் பொங்கச் செய்து பீராக மாற்றுவது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். அதன் பெயரோ ஆணையில் இல்லை! நாம் தயிருக்கு உறையிடுவதுபோல், முந்திய கொப்பரையின் வண்டலை அடுத்ததில் இட்டனர் தொழிலாளர். அதனுள் உயிர் இருப்பதை எவரும் அறியார். கோடையிலே பானம் கெட்டது, காரணம் விளங்கவில்லை. ஆகவே 1553-இல், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சுவதையே அரசு விலக்கிற்று.

பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர் 1876-இல் பீரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பானம் கெடுவது வேண்டாத நுண்ணுயிர்களால் என்று விளக்கினார். 1883-இல் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஒரே உயிரணுவிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தார். வேண்டாத ஈஸ்ட் வகைகள் கலப்பதாலும் பீர் கெடும் என்பதைக் காட்டினார். சட்டம் கட்டளையிட்ட தூய்மை உண்மையிலே கைகூட 367 ஆண்டுகள் ஆயின.

அவ்வாலையின் உரிமையாளர் யாக்கப்சன் அதனை மறைத்து வைத்துப் பெரும் பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ ஆய்வுக்கூடத்தின் முடிவு எதனையும் மறைத்தலாகாது என்று முன்னரே விதித்திருந்தார். தூய ஈஸ்டைப் பிற ஆலைகளுக்கும் வழங்கினார். இக்கதையில் என் மதிப்பை மிகுதியும் பெறுவது அச்செயலே.

மாணவர்களே, பழைய சட்டமொன்றைப் படிக்கும்போது, அது எதை விலக்கிற்று, யாரைக் காத்தது என்று கேளுங்கள். அதை இயற்றியவர் அறியாதிருந்தது யாது என்றும் தேடிப் பாருங்கள்.