சுமைகூலியும் இனாமும்: சேர்வராயன் மலைவழியிலிருந்து உணவுச் செயலி வரை

உணவுப் பொட்டலத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தருபவருக்கு, உணவின் விலைக்கும் கொண்டுவரும் கட்டணத்துக்கும் மேலாக, வாங்குபவர் தாமாக விரும்பிக் கொடுக்கும் தொகையை இன்று டிப்ஸ் என்கிறோம். இனாம் என்பது இதற்கு முன்பிருந்த சொல். எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி செல்பேசியோடு பிறந்ததாகப் பலர் நினைக்கின்றனர். மலைமேல் குடியிருப்பவர்களுக்கு அது பழைய கேள்வி. அரிசி, மண்ணெண்ணெய், கடிதம், நோயாளி என எல்லாமே இங்கு யாரோ ஒருவர் முதுகிலோ தலையிலோ ஏறி வந்தவைதான்.

வாழவந்தி சேலம் மாவட்டம் ஏற்காடு ஒன்றியத்திலுள்ள ஊராட்சி. காபித் தோட்டங்களுக்கு நடுவே சிறு சிறு குடியிருப்புகளாகச் சிதறிக் கிடப்பது. (கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்று வேறொன்று உண்டு. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சேலத்திலிருந்து கோரிமேடு வழியாக வரும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. குப்பனூர் வழியாக இன்னொரு சாலையும் மேலே வருகிறது. இந்தச் சாலைகளில் மழைநாளில் இருசக்கர வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இக்கட்டுரையின் பாதி ஏற்கெனவே தெரியும்.

சொற்களின் வழி

இனாம் அரபியிலிருந்து வந்த சொல். ஆங்கிலேயர் காலத்தில் அது முதன்மையாக நிலத்தைக் குறித்தது. வரி நீக்கியோ குறைத்தோ விட்ட நிலம் இனாம் நிலம். அதன் உரிமைகளைச் சரிபார்க்கச் சென்னை மாகாணத்தில் 1858இல் இனாம் ஆணையம் அமைக்கப்பட்டது. பக்‌ஷீஸ் பாரசீகச் சொல். தமிழில் நமக்கென்று இருந்த சொற்களுக்கு நேர்ந்த கதி வேடிக்கையானது. கைக்கூலி என்றால் கையில் கொடுக்கும் கூலி; இன்று அதற்கு லஞ்சம் என்றும், காசுக்கு விலைபோனவன் என்றும் பொருள். அன்பளிப்பு என்ற நல்ல சொல்லும் அலுவலகங்களில் பாதி அந்த நிலைக்கு இறங்கிவிட்டது. கொடுப்பவர் எதையாவது எதிர்பார்த்துக் கொடுத்தால் சொல்லே கெட்டுப்போகிறது போலும்.

ஒரு சொல் மட்டும் எதிர்த்திசையில் உயர்ந்தது. அது படி. முகத்தலளவையான படிக்கு, நாட்செலவுக்குக் கொடுக்கும் உணவுப்பணம் என்றும் பொருள் உண்டு. லாரி ஓட்டுநர்கள் வாங்கும் பேட்டாவும் இந்தக் குடும்பம்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளிலும் பேட்டா என்பது சம்பளத்துக்கு மேலான தொகையாக இருந்தது. 1766இல் ராபர்ட் கிளைவ் வங்காளப் படையில் இரட்டைப் பேட்டாவை நிறுத்தியபோது வெள்ளை அதிகாரிகளே கூட்டாகப் பதவி விலகிக் கலகம் செய்தனர். கூடுதலாகக் கிடைத்து வந்த ஒன்று வாழ்க்கைச் செலவுக்குள் கலந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. என் ஓய்வூதியத்திலும் அகவிலைப்படி இருக்கிறது. அதை யாரும் கருணைத் தொகை என்று சொல்வதில்லை. நானும் யாருக்கும் நன்றி சொல்லி வாங்குவதில்லை.

மலையடிவாரத்துப் பேச்சு

சேலம் பகுதி 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபிப் பயிரை அறிமுகம் செய்தார். தோட்டங்களும் துரைமார் வீடுகளும் பெருகின. மேட்டுக்கு ஏறியது எல்லாம் சுமைதூக்கிகளாலும் மட்டக்குதிரைகளாலும் ஏறியது. நடக்க மாட்டாதவர்களை நாற்காலியில் வைத்துத் தோளில் தூக்கி வந்தனர். கொடைக்கானலிலும் அப்படித்தான்: இன்றைய மலைச்சாலை 1914ஐ ஒட்டித் திறக்கப்படும்வரை, கொடைரோடு நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்குப் போய், அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் ஆள்தோளில் ஏறினார்கள்.

இந்த முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூலி அடிவாரத்திலேயே பேசி முடிக்கப்பட்டது. சுமையின் கனம், ஏற்றத்தின் தூரம், ஆள் எண்ணிக்கை ஆகியவையே கணக்கு. பெட்டிக்குள் பட்டு இருக்கிறதா பருத்தி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்காரப் பயணிகளுக்கான கையேடுகள் மலைவாழிடங்களின் சுமைகூலி விகிதங்களை அச்சிட்டே கொடுத்தன. மேலே போய்ச் சேர்ந்த பிறகு கொடுப்பது இனாம். அது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. அந்தக் கூலி நியாயமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தோளில் தூக்கியவருக்கும் தூக்கப்பட்டவருக்கும் நடுவே பேரம் சமமாக நடந்திருக்காது. ஆனால் கூலி வேறு, இனாம் வேறு என்ற கோடு அங்கே இருந்தது. அந்தக் கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதை அறிய அமெரிக்காவைப் பார்க்கலாம்.

டிப்ஸ் கூலியைத் தின்ற கதை

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், புல்மன் நிறுவனம் தன் தூங்கும் வசதி கொண்ட ரயில்பெட்டிகளில் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரைப் பணியாளர்களாக வைத்தது. சம்பளம் மிகக் குறைவு. மீதியைப் பயணிகளின் டிப்ஸில் பார்த்துக்கொள் என்பது ஏற்பாடு. பயணி சிரித்தபடி கொடுத்த காசு, முதலாளியின் சம்பளப் பட்டியலை இளைக்கச் செய்தது. அப்பணியாளர்கள் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925இல் சங்கம் அமைத்தனர். நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் செய்ய 1937 வரை ஆனது. இதற்கிடையே 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே தடைசெய்து சட்டம் போட்டது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926க்குள் எல்லாச் சட்டங்களும் போய்விட்டன.

1966இல் அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உணவக ஊழியர்களுக்கும் நீட்டிக்கப்பட்டபோது, டிப்ஸைக் கூலியின் ஒரு பகுதியாகக் கணக்கிட முதலாளிகளுக்கு அனுமதி கிடைத்தது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய தொகை நடுவண் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். அது 1991 முதல் மாறவே இல்லை. அங்கே உணவகத்தில் 15, 20 விழுக்காடு வைத்துவிட்டு எழ வேண்டும் என்கிற கட்டாயத்துக்கு வேர் இதுதான். அதைத் தாராள மனம் என்று நினைத்து நாம் இங்கே நகலெடுக்கத் தேவையில்லை.

செயலிகள் வந்தபோது பழைய தந்திரம் கணினிக்குள் புகுந்தது. டோர்டேஷ் நிறுவனம் ஒரு நடைக்கு இவ்வளவு என்று உறுதி கூறிய தொகைக்குள் வாடிக்கையாளர் தந்த டிப்ஸையும் சேர்த்துக் கணக்கிட்டது. 2019இல் கடும் எதிர்ப்புக்குப் பிறகு முறையை மாற்றியது. அமேசானின் ஃபிளெக்ஸ் ஓட்டுநர்களுக்கு 2016 இறுதி முதல் 2019 வரை சேர வேண்டிய டிப்ஸ் முழுதாகச் சேரவில்லை என்ற வழக்கில், அந்நிறுவனம் 6.17 கோடி டாலர் கொடுக்க 2021இல் இணங்கியது. கொடுத்தவர்கள் ஓட்டுநருக்குத்தான் கொடுத்ததாக நினைத்திருந்தார்கள்.

நம் நாட்டில்

இந்தியாவில் இதற்கு நேரெதிரான ஒரு வரலாறு இருக்கிறது, போனஸின் வரலாறு. முதல் உலகப் போர்க்காலத்தில், 1917இல், பம்பாய்ப் பஞ்சாலைகள் லாபம் கொழித்தபோது தொழிலாளருக்குப் போர் போனஸ் கொடுத்தன. அது இனாமாகவே தொடங்கியது. 1924இல் நிறுத்தியதும் பெரும் வேலைநிறுத்தம். விசாரித்த குழு, போனஸைக் கேட்கத் தொழிலாளருக்குச் சட்ட உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. 1965இல் போனஸ் வழங்கல் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் 4 விழுக்காடு, பின்னர் 8.33. இனாம் உரிமையாக மாற ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. அதே பம்பாயில் 1890 முதல் மதிய உணவு சுமக்கும் டப்பாவாலாக்களுக்கு, தீபாவளி மாதத்தில் ஒரு மாதக் கட்டணத்தைக் கூடுதலாகத் தருவது வழக்கம். நாள்தோறும் சில்லறை நீட்டாமல் ஆண்டுக்கு ஒருமுறை, தொகையும் இருவருக்கும் தெரிந்தது. நம் ஊர்த் தபால்காரருக்குக் கொடுத்த தீபாவளி இனாமும் இந்தச் சாயல் கொண்டதே.

ஸ்விக்கி 2014இல் தொடங்கியது. சொமாட்டோ 2015இல் உணவு கொண்டுசேர்க்கும் பணியில் இறங்கியது. ஓட்டுநர் ஊழியர் அல்லர், பங்காளர் என்பது இவற்றின் நிலை. ஆகவே மாதச் சம்பளமும் போனஸும் கிடையா. ஒவ்வொரு நடைக்கும் இவ்வளவு. டிப்ஸ் முழுவதும் ஓட்டுநருக்கே போகிறது என்று நிறுவனங்கள் அறிவிக்கின்றன. சிக்கல் டிப்ஸில் இல்லை, அடிப்படைத் தொகையில் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் சென்னையில் ஸ்விக்கி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு நடைக்கான தொகை 35 ரூபாயிலிருந்து 15 ஆகக் குறைக்கப்பட்டது என்பது அவர்கள் முறையீடு. அந்த 20 ரூபாயை வாடிக்கையாளர் டிப்ஸாகக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் கொடுப்பவர் மாறிவிடுகிறார்.

தமிழ்நாட்டில் சுமைதூக்குவோர் உள்ளிட்ட உடலுழைப்புத் தொழிலாளருக்காக 1982இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழேயே, 2023 சுதந்திர நாள் உரையில் முதலமைச்சர் அறிவித்தபடி, இணையவழிச் சேவைத் தொழிலாளர்களுக்கான நலவாரியம் அமைந்தது. தலைச்சுமைக்காரரும் செயலி ஓட்டுநரும் ஒரே சட்டத்தின் நிழலில் நிற்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நடுவண் அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், இத்தகைய நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை தொழிலாளர் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. தொழிலாளருக்குத் தரும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அதன் உச்சவரம்பு.

எவ்வளவு?

விழுக்காட்டுக் கணக்கு சுமை தூக்குவோருக்குப் பொருந்தாது. 200 ரூபாய்ப் பரோட்டாவுக்கும் 1,200 ரூபாய்ப் பிரியாணிக்கும் மலை ஒன்றே, பெட்ரோலும் ஒன்றே. பத்து விழுக்காடு என்றால் முதலாமவருக்கு 20, அடுத்தவருக்கு 120. அடிவாரத்துப் பழைய கணக்கு இதைவிட நேர்மையானது: தூரம், ஏற்றம், நேரம், மழை. சேலம் நகரத்துச் சமதளத்தில் 20 ரூபாய் போதும் என்றால், மலைச்சாலையில் 40, 50 என்பது என் மதிப்பீடு. இரவிலோ பனிமூட்டத்திலோ வரவழைத்தால் இருமடங்கு. திரும்பும்போது அவர் வெறும் வண்டியோடுதான் இறங்குகிறார். அந்தப் பாதிப் பயணத்துக்கு யாரும் கட்டணம் போடுவதில்லை.

முன்கூட்டியே டிப்ஸ் கேட்பது வேறு விவகாரம். வண்டி விரைவாக வர முன்பணமாக டிப்ஸ் சேர்க்கச் சொன்ன ஊபர் நிறுவனத்துக்கு, நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் அறிவிக்கை அனுப்பியது. பணி முடியுமுன் கொடுப்பது இனாம் ஆகாது, ஏலம். மலையேறி வந்தபின் கொடுத்ததுதான் பழைய வழக்கம். பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, கையில் கொடுப்பதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது.

சென்ற ஐப்பசி மழையில் ஏற்காட்டுக் கடை ஒன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த இளைஞரிடம் 50 ரூபாயை நீட்டினேன். "வேணாங்க சார், கடையில குடுத்துருவாங்க" என்றார். ஒரு நடைக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன். சொன்னார். நான் அதே தாளை அவர் மழைக்கோட்டுப் பையில் வைத்தேன். பிறகு கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, அடுத்த முறையிலிருந்து வாழவந்திக்கு வரும் கட்டணத்தைக் கூட்டிப் போடுங்கள், கூட்டியதை அந்தப் பையனுக்கே கொடுங்கள் என்றேன். பார்க்கலாங்க சார் என்றார் அவர்.