தேயிலை வண்டியின் மேனியெழுத்து

மஸ்கெலியாத் தேயிலையின் பெயர் ஒரு காலத்தில் பெட்டியோடு நின்றது. எழுத்து வெட்டிய தகட்டை மரப்பெட்டியின்மேல் வைத்துக் கரிய மை தீட்டுவர். மொரே, பிரவுன்ஸ்விக் என்று தோட்டத்தின் பெயர், தூளின் தரம், நிறை, அதற்குமேல் ஒன்றுமில்லை. 1884இல் புகைவண்டி ஹட்டனை எட்டியது. மலைச்சாலை வழியே நிலையம் சேர்ந்த பெட்டிகள் கொழும்பு சென்று கப்பலேறின. இலண்டனில் பல தோட்டங்களின் தூளும் ஒன்றாய்க் கலந்தபோது அப்பெயர் மறைந்து, விற்பவரின் பெயரே நின்றது.

விற்பவரின் பெயரைத் தெருத்தோறும் சுமந்தது வண்டி. 1869இல் மான்செஸ்டரில் ஆர்தர் புரூக் திறந்த கடையே புரூக் பொண்ட் நிறுவனமாக வளர்ந்தது. (பொண்ட் என்று ஒரு பங்காளி இருந்ததில்லை; பெயருக்கு எடுப்பாக இருக்கட்டுமென்று சேர்த்தது.) 1920களிலிருந்து ட்ரோஜன் தொழிற்சாலையின் சிறு வண்டிகள் சிவப்பு வண்ணம் பூண்டு, பிரித்தானியக் கடைகளுக்கு அதன் தேயிலையைக் கொண்டு சென்றன. அக்கால வண்டியெழுத்து கைவேலை: அடிப்பூச்சு, வண்ணம், எழுத்து, மேலே வார்னிஷ். வெயிலில் வார்னிஷ் வெடித்தால் எழுத்தாளரை மறுபடி அழைக்க வேண்டும்.

இவ்வேலையை மாற்றிய பொருள் வேறொன்றைத் தேடியபோது கிடைத்தது. அமெரிக்காவில் வால்டோ சீமன் என்பவர் 1926இல் ரப்பரை உலோகத்தோடு பிணைக்கும் பசையைத் தேடினார். கிடைத்ததோ வளையும் வினைல். பிற்காலத்தில் அது மெல்லிய படலமாகி, பின்புறம் பசை பூண்டு, வண்டிகளில் ஏறியது. 1990களில் கணினி அச்சு வந்தபின் வண்டி முழுவதையும் படத்தால் போர்த்தலாயிற்று.

ஆனால் எல்லாப் படலமும் ஒன்றன்று. உருளைகளுக்கிடையே நசுக்கி நீட்டிய படலம், நீட்டியதை மறவாது. நாளடைவில் சுருங்கி ஓரத்தை இழுக்கும். குழம்பாக ஊற்றிக் காயவைத்த படலத்தில் அந்த இழுவிசை மிகக் குறைவு, 0.05 மில்லிமீற்றர் அளவே தடிப்பாதலால் வளைவுகளிலும் குழிவுகளிலும் படிந்து நிற்கும். விலை கூடுதல்தான். மையை வெயிலிலிருந்து காக்க அதன்மேல் நிறமற்ற மற்றொரு படலமும் வேண்டும்.

மஸ்கெலியாவின் தென்மேற்குப் பருவமழையை நேயர்கள் அறிவர். மழையும் சேறும் வண்டியின் கீழ்ப்புறத்தையே முதலில் தாக்கும். நீர் புகும் வழி ஓரமே. ஆகவே ஒட்டுமுன் மெழுகும் எண்ணெயும் போகத் துடைத்து, ஈரமின்றி உலர்த்துவர். குழிவுகளில் ஒட்டியபின் மீண்டும் சூடேற்றி அழுத்துவர். இதில் அவசரப்பட்ட வேலை முதல் மழைக்காலத்திலேயே உரியத் தொடங்கும்.

தேயிலை வண்டிகளின் படங்களில் கூடை சுமந்து கொழுந்தெடுக்கும் பெண் அடிக்கடி தோன்றுகிறாள். அவள் எந்தத் தோட்டத்தவள் என்று அதில் எழுதுவது அரிது.