பானா, டானா, இம்மன்னா

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென்றது 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி வந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியர்தான் வரவில்லை. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ பாடம் சொன்னார்.

அவர்கள் அறிந்தது திண்ணைப் பள்ளி முறை. மணலில் விரல் பிடித்து எழுதி, எழுத்தின் பெயரை உரக்கச் சொல்வது. அதை நாம் பழிக்க மாட்டோம். கை பழகியது அதனால்தான். ஆனால் காது? 'பானா, டானா, இம்மன்னா' என்று கூட்டிய பிள்ளை, 'படம்' என்று சொல்லத் திணறியது. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு அல்லவா? 'க' ஒன்றே, கல், தங்கம், நகம் என்னும் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது.

சோதனையும் அப்படியே. வரிசையாக ஒப்பித்தால் தேர்ச்சி. நாமும் அப்படித்தான் தேர்ச்சி கொடுத்து வந்தோம். 2011-இல் பள்ளி அளவிலான மதிப்பீடு வந்தபோது, எழுத்தட்டைகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டோம். வரிசை பிசகாமல் ஒப்பித்த பிள்ளை, 'மடம்' என்ற சொல்லின் முன் வாயடைத்து நின்றது.

"நல்லா படிக்கிறான்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார் தாயார்.

மறுநாள் அரிச்சுவடியை மூடிவிட்டு, ஒலியிலிருந்து தொடங்கினோம்.