கப்பல் ஏறிப் போன தப்பு



‘புலம்பெயர்ந்தோர் இசைக் கச்சேரி கொண்டாட்டமா, ஒப்பாரியா?’ இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் ஒப்பாரிதான் என்றார். பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டைச் சொல்லி உங்களை அழ வைத்துவிட்டுப் போய்விட்டார். பிஜித் தீவுப் பெண்களுக்காகப் பாரதி அழுதது சத்தியம். ஆனால் ஒன்று கேட்கிறேன். வெறும் ஒப்பாரிதான் என்றால், போன இடத்தில் அவன் ஏன் ஐயா மேளம் கட்டினான்?

அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834-இல் நடைமுறைக்கு வந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! 1838 முதல் 1917 வரை தென் அமெரிக்காவின் கயானாவுக்கு மட்டும் ஏறக்குறைய 2,39,000 இந்தியர்களைக் கொண்டுபோனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். சென்னையில் ஏறியவர்கள் சுமார் 15,000 பேர், தமிழர்களும் தெலுங்கர்களும்.

அவர்கள் வம்சத்தில் இன்றைக்குத் தமிழ்ப் பேச்சு போச்சு. ஆனால் மாரியம்மனையும் காளியையும் கும்பிடுகிற கோயிலில் ஒரு கருவி முழங்குகிறது. அதன் பேர் என்ன தெரியுமா? தப்பு! மொழியே மறந்துபோச்சு, தப்பு மட்டும் தப்பவே இல்லை! (கைதட்டல்)

பக்கத்திலே டிரினிடாட் தீவு. 1845-இல் முதல் கப்பல் போனது. அங்கே ‘தாசா’ என்று ஒரு மேளம். களிமண் சட்டியில் ஆட்டுத்தோல் கட்டி, நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றி அடிப்பார்கள். நம்மூர்ப் பறையைக் காய்ச்சுகிற மாதிரியே. 1884-இல் அங்கே மொகரம் ஊர்வலத்தின்மீது போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. பலர் செத்தார்கள். மேளம் நின்றதா? இல்லை. மொகரத்துக்கு அடிக்கும் அதே தாசா, இன்றைக்கு இந்துக் கல்யாண வீட்டிலும் முழங்குகிறது.

கல்யாணம் என்றதும் ஞாபகம் வருகிறது. போஜ்புரிக்காரர்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முன்னால் ‘மட்டிகோர்’ என்று ஓர் இரவு. பெண்கள் மட்டும் கூடிக் கேலிப் பாட்டுப் பாடி ஆடுவார்கள். ஆம்பிளைக்கு அனுமதி இல்லை. நடுவர் சிபாரிசு செய்தாலும் இல்லை! (சிரிப்பு) அந்தப் பாட்டுதான் பிறகு ‘சட்னி’ என்ற பேரில் மேடை ஏறியது. 1970-ஐ ஒட்டி சுந்தர் போபோ என்ற பாடகர் தாத்தா பாட்டியைப் பற்றிப் பாடிய பாட்டு தீவையே ஆட வைத்தது.

வலி இல்லை என்று நான் சொல்லவில்லை. வலிக்குள்ளேயும் தாளத்தை விடவில்லையே, அதைத்தான் கொண்டாட்டம் என்கிறேன்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இங்கே சாவு மேளம், தீட்டு என்று சொல்லி, அடிப்பவரைத் தெருக்கோடியில் நிறுத்தினோம். கடல் தாண்டிய பிறகு அதே தப்பு அம்மன் பூசையின் உயிராகிவிட்டது. 2025-இல்தான் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷம். ஆனால் ஒரு விருதோடு கணக்குத் தீர்ந்துவிடுமா?

எங்கேயாவது இப்படி ஒரு கச்சேரி நடந்தால் குடும்பத்தோடு போங்கள். கை தட்டுங்கள். பிறகு, உங்கள் ஊர்த் திருவிழா முடிந்ததும் தப்படித்தவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று போய்ப் பாருங்கள். நம்மோடு ஒரே பந்தியில் அவர் உட்கார்ந்திருந்தால், அன்றைக்குத்தான் அது முழுக் கொண்டாட்டம்!